கிதாரும் மின்கலமும்

நாங்கள் வாழும் திருவனந்தபுரத்தில் ஐப்பசி மாதத்துப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் வழக்கமானவை. மின்தடையும் உடன் வருவதுண்டு. அவ்வேளையில் கிதார் பயிலும் நம் பிள்ளைகள் சுவரிலுள்ள மின் இணைப்பை நம்பியிருத்தல் நன்றன்று.

கிதாரின் ஓசையை மாற்றித் தரும் சிறு பெட்டிக்குப் பெடல் என்று பெயர். காலால் மிதித்து இயக்கும் இப்பெட்டிகளுள் பெரும்பாலானவை 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவன. அதனை வேறு வழியில் தர விரும்புவோர் மூன்று செய்திகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, வோல்ட் அளவு. கைப்பேசிக்கான பவர் பேங்க் பொதுவாகத் தருவது 5 வோல்ட். அதனை 9 ஆக உயர்த்தும் வயர் தேவை.

இரண்டாவது, மின்முனை. பெரும்பாலான பெடல்களில் செருகியின் உட்புறம் எதிர்முனை. வேறு கருவிகளுக்கான அடாப்டர்கள் பலவற்றில் அது நேர்முனை. மாற்றிச் செருகினால் பெடல் பழுதாகலாம். ஆகவே, அச்சிட்டுள்ள குறியைப் பார்த்த பின்னரே செருகுக.

மூன்றாவது, மின்னோட்டத்தின் அளவு. எளிய பெடலுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் பெடல் 100க்கு மேலும் கேட்கும். ஆதலால், சிறிய 9 வோல்ட் பாட்டரி முன்னதற்குப் பல மணி நேரம் உழைக்கும். பின்னதற்கு விரைவில் தீர்ந்துவிடும். வாசித்து முடித்ததும் கிதார் வயரைப் பெடலிலிருந்து கழற்றிவிடுக. அது செருகியிருக்கும் வரை பாட்டரி தேயும்.

பெடல் மட்டும் பாட்டரியில் இயங்கினால் போதாது. ஆம்பிளிஃபயரும் அவ்வாறே இயங்குதல் வேண்டும். அப்போதுதான் சுவர் இணைப்பு யாவற்றையும் இடி தொடங்குமுன்பே கழற்றிவிடலாம். இங்கேயாயினும், பெங்களூரிலாயினும், மும்பையிலாயினும், பிள்ளைக்குக் கிதார் வாங்கித் தரும் பெற்றோர் இதனையும் சொல்லித் தருவார்களாக.