கடல்நீரில் ஈயம் தேடுதல்



ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கரையினின்று நெடுந்தொலைவிலுள்ள பெருங்கடலில், அதே ஒரு லிட்டரில் ஈயமோ சில நானோகிராம் அளவே இருக்கும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தகையவற்றைச் சுவட்டு உலோகங்கள் என்கிறோம், பொருத்தமான பெயர்தான்.

அணுக்களை எடைகொண்டு பிரித்தறியும் நுண்கருவிகள் இன்று உள்ளன. எனினும் கடல்நீரை அப்படியே அவற்றுள் செலுத்தினால், உப்புப் படிந்து நுழைவாய் அடைபடும். அதனினும் பெரிய தொல்லை ஒன்றுண்டு. எடை 23 உடைய சோடியம், கருவியை இயக்கும் ஆர்கான் வாயுவின் 40 உடன் சேர்ந்து, 63 என நின்று செம்பாக வேடமிடும்! ஆகவே உலோகத்தை முதலில் உப்பினின்று பிரித்தெடுத்தல் வேண்டும்.

அதற்குப் பயன்படுவது ஒருவகைப் பிசின் மணிகள். அவற்றின் மேலுள்ள மூலக்கூறுகள் உலோக அயனியை இருபுறமும் பற்றிக்கொள்ளும். இவ்வகைப் பிணைப்புக்குரிய 'கீலேட்' என்னும் பெயர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. தமிழில் கொடுக்கிணைப்பு என்பது அதனினும் தெளிவு. மணிகள் அடைத்த சிறு குழாய் வழியே, அமிலத்தன்மை சரிசெய்யப்பட்ட கடல்நீரை மெல்ல விட்டால் ஈயம், செம்பு முதலியன சிக்கும், சோடியம் கடந்துவிடும். அரைகுறையாய் ஒட்டிய கால்சியமும் மக்னீசியமும் அம்மோனியம் அசிட்டேட்டுக் கரைசலால் கழுவப்படும். இறுதியில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் ஊற்ற, கொடுக்குகள் பிடியைத் தளர்த்தும். ஒரு லிட்டரில் இருந்த உலோகம் பத்து மில்லிலிட்டரில் திரண்டுவிட்டால், அதன் செறிவு நூறு மடங்காகும்.

வேலை முடிந்ததா? இல்லை. குப்பி, அமிலம், காற்றிலுள்ள தூசி, நம் தோல் ஆகிய ஒவ்வொன்றும் கடல்நீரில் இருப்பதைவிட மிகுதியான ஈயத்தைத் தரவல்லது. தூய நீரை எடுத்து அதே படிகள் அனைத்தையும் செய்து பார்க்கும் வெற்றுச் சோதனை ஒன்றே, நாம் சேர்த்தது எவ்வளவு என்பதைக் காட்டும். இழந்தது எவ்வளவு? அதற்கு, ஈயத்தின் குறிப்பிட்ட ஐசோடோப்பு ஒன்றை, அளவறிந்து, தொடக்கத்திலேயே கலந்துவிடுவர். இடையில் எவ்வளவு சிந்தினாலும் விகிதம் மாறாது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த உத்தி இதுவே.

இவற்றை விடாப்பிடியாகக் கையாண்டவர் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என 1956இல் கணித்தவர் அவரே. விண்கல்லின் ஈயத்தை அளக்கையில் ஆய்வகத்தின் ஈயம் குறுக்கிட்டதே, தூய்மையில் அவர் காட்டிய கண்டிப்புக்குக் காரணம். கப்பலும் கம்பிவடமும் நீரைக் கெடுக்காதபடி தனியாக ஒரு கருவி செய்து, அவர் குழுவினர் பசிபிக்கில் நீர் எடுத்தனர். 1981இல் வெளியான முடிவு: ஈயம் மேற்பரப்பில் மிகுதி, ஆழத்தில் மிகக் குறைவு. அதாவது, அது வானத்திலிருந்து அண்மைக் காலத்தில் வீழ்ந்தது. பெரும்பகுதி பெட்ரோல் புகையின் ஈயம். முன்னர் பலர் தந்த உயர்ந்த எண்களோ பெரும்பாலும் அவரவர் குப்பியின் அளவைகள்.

பின்னர் அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் ஒழிய ஒழிய, பெர்முடாத் தீவருகே கடலின் மேல்நீரிலும் ஈயம் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. பழைய குப்பிகளில் அளந்திருந்தால் அக்குறைவு எவர் கண்ணிலும் பட்டிராது.