வெயிலும் வேலை நேரமும்

(மே தினத்தையொட்டி, 2025 ஏப்ரல் இறுதியில் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதியில் பெரிய மரங்கள் நிற்கின்றன. அருகில் பூங்கா இருக்கிறது. வெளியிலிருந்து வந்த தோழர்கள் இங்கே நுழைந்ததும் வெயில் சற்றுத் தணிந்ததை உணர்ந்திருப்பீர்கள். இந்த நிழல் இயற்கையின் கொடை மட்டுமல்ல. 1898இல் பிளேக் நோய் இந்நகரைத் தாக்கியது. நெரிசலும் காற்றோட்டமின்மையும் உயிரைக் குடிக்கும் என்பதை அன்றைய நிர்வாகம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது. அதன் பின்னரே கண்டோன்மென்ட் பகுதியில் அகலமான சாலைகளோடும் திறந்த வெளிகளோடும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. ப்ரேசர் டவுனும் ரிச்சர்ட்ஸ் டவுனும் அந்த வரலாற்றின் விளைவுகள். ஆனால் நிழல் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இங்கிருந்து தேவர ஜீவனஹள்ளிக்கு நடந்து சென்றால், காற்றும் மரமும் எங்கே முடிகின்றன என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

ஒரு பேரிடர் நகரத்தின் அமைப்பை மாற்ற முடியும். யாருக்காக மாற்றுகிறது என்பதை வர்க்க பலமே தீர்மானிக்கிறது. இன்று நம் முன் நிற்கும் பேரிடர் வெப்பம்.

கடந்த ஆண்டை நினைவுகூருங்கள். 2024 ஏப்ரல் 28 அன்று பெங்களூரு நகர வானிலை மையத்தில் 38.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஏப்ரல் முழுவதும் அம்மையத்தில் ஒரு துளி மழைகூடப் பதிவாகவில்லை. 1983க்குப் பின் அப்படியொரு ஏப்ரல் வந்ததில்லை. அதே கோடையில், அரசே தெரிவித்த கணக்கின்படி, நகரின் சுமார் 13,900 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிப்போயின. டேங்கர் லாரிக்குப் பணம் கொடுக்க முடிந்தவர்கள் குளித்தார்கள். முடியாதவர்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

ஆனால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளிப் பகுதியில் வெப்ப அலையைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நகர மையத்தின் பதிவேட்டில் இதுவரை கண்ட உச்சமே, 2016 ஏப்ரலில் பதிவான 39.2 டிகிரிதான். அதாவது, நகர மையம் கண்ட மிகக் கொடிய நாள்கூட அந்த அளவுகோலை எட்டவில்லை.

இதற்காக நாம் வானிலை அறிவியலைக் குறை சொல்லவில்லை. அந்த வெப்பமானி காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கிறது. காற்றின் வெப்பத்தை அளக்க அதுவே சரியான முறை. ஆனால் கம்பி கட்டும் தொழிலாளி பெட்டிக்குள் நிற்பதில்லை. அவர் தலைக்கு மேல் சூரியன், காலுக்குக் கீழ் கான்கிரீட், கையில் சுடும் இரும்பு. உடல் உழைக்கும்போது தானும் வெப்பத்தை உண்டாக்குகிறது. வியர்வை ஆவியானால்தான் அந்த வெப்பம் வெளியேறும். காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது. தண்ணீரும் ஓய்வும் இல்லாவிட்டால் சிறுநீரகமும் இதயமும் பழுதுபடும். இரவில் அவர் திரும்பிச் செல்லும் தகரக் கொட்டகையும் குளிர்வதில்லை. ஆகவே ஒரே 38 டிகிரி, குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருப்பவருக்குச் செய்தி. சித்தாளுக்கும் பௌரகார்மிகருக்கும் உணவு விநியோகத் தொழிலாளிக்கும் அது வேலை நிலைமை.

தோழர்களே, இது நமக்குப் புதிய கேள்வி அல்ல. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் பாகத்தில், வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில், மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயது தையல் தொழிலாளியை மார்க்ஸ் குறிப்பிடுகிறார். 1863 ஜூனில் லண்டனில், காற்றோட்டமற்ற அறையில் இருபத்தாறரை மணி நேரம் தொடர்ந்து உழைத்த பின் அவர் இறந்தார். நெரிசலான அறையில் நீண்ட நேரம் உழைத்ததே காரணம் என்று மருத்துவர் சாட்சியம் சொன்னார். விசாரணைக் குழுவோ, முதல் காரணமாக ஒரு நோயின் பெயரை எழுதியது; மிகை உழைப்பு மரணத்தை விரைவுபடுத்தியிருக்கக்கூடும் என்று பின்னிணைப்பாகச் சேர்த்தது.

இன்றும் அதுவே நடக்கிறது. கட்டட வேலையில் மயங்கி விழுந்து இறப்பவரின் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்படும். வெயில் என்று எழுதப்படுவது அரிது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்ப அலை வீசியபோது, வழக்கமான மாதத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டுத்தான் கண்டறிந்தார்கள். 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்ததற்கு அந்தக் கணக்கே காரணம். எண்ணப்படாத மரணத்துக்கு இழப்பீடும் இல்லை, கொள்கையும் இல்லை.

இப்போது இவ்வாண்டின் முன்னறிவிப்பைப் பார்ப்போம். ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பெரும்பகுதியில் வெப்பம் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும் என்று வானிலை ஆய்வுத் துறை அறிவித்துள்ளது. வெப்ப அலை நாட்கள் கூடக்கூடிய பகுதிகளில் கர்நாடகத்தின் வட பகுதியும் அடங்கும். தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியான 87 சென்டிமீட்டரில் 105 சதவீதம் இருக்கும் என்றும் ஏப்ரல் 15 அன்று கூறியுள்ளது. நல்ல செய்திதான். ஆனால் ஜூனில் வரப்போகும் மழை மே மாதத்து வெயிலில் நிற்பவரைக் காக்காது. ராய்ச்சூரிலிருந்தும் யாத்கிரியிலிருந்தும் வெயிலுக்கும் வறட்சிக்கும் தப்பி இங்கே கட்டட வேலைக்கு வருபவர்கள், ஒரு வெயிலிலிருந்து இன்னொரு வெயிலுக்கே வருகிறார்கள்.

முன்னறிவிப்பு முன்னைவிட நன்றாகவே வருகிறது. ஆனால் கைப்பேசியில் எச்சரிக்கை வந்தாலும், வேலையை நிறுத்தும் உரிமை தொழிலாளியிடம் இல்லை. நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே இன்று நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: கூலி இழக்காமல் ஓய்வெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில், வானிலை எச்சரிக்கை வெறும் அறிவுரைதான்.

இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பார்கள். கேரளத்தில் ஆண்டுதோறும் கோடையில் திறந்தவெளித் தொழிலாளர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வளித்துத் தொழிலாளர் துறை உத்தரவிடுகிறது. கத்தாரில்கூட, நீண்ட சர்வதேச நிர்ப்பந்தத்திற்குப் பின், 2021 முதல் கோடையில் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. கர்நாடக அரசே கலபுரகி பகுதியில் கோடைக்காலத்தில் அரசு அலுவலக நேரத்தைக் காலை 8 முதல் 1.30 வரை என மாற்றுகிறது. அது சரியான நடவடிக்கை. மின்விசிறியின் கீழ் இருப்பவருக்கு ஏற்கப்பட்ட நியாயம், சாரத்தின் மேல் நிற்பவருக்கு ஏன் ஏற்கப்படவில்லை? மாறாக, 2023இல் இம்மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்தார்கள்.

கூலிக்கு நிதி எங்கே என்று கேட்பார்கள். 2021 நவம்பரில் காற்று மாசு காரணமாகத் தலைநகர்ப் பகுதியில் கட்டட வேலை நிறுத்தப்பட்டபோது, கட்டடத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கப்படும் செஸ் நிதியிலிருந்து வாழ்வாதாரத் தொகை வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புகைக்குப் பொருந்தியது வெயிலுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. பேரிடர் நிவாரணத்துக்கான ஒன்றிய அரசின் பட்டியலில் குளிர் அலை இருக்கிறது. வெப்ப அலை இல்லை. கேரளம் 2019இலும் தமிழ்நாடு 2024 அக்டோபரிலும் அதனை மாநிலப் பேரிடராக அறிவித்தன. தமிழ்நாட்டில் வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. மாநிலங்கள் தம் நிதியில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு சமாளிக்கட்டும் என்று ஒன்றிய அரசு ஒதுங்கி நிற்பதை ஏற்க முடியாது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. கோடையில் நண்பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குக் கூலியோடு ஓய்வு. ஒவ்வொரு பணியிடத்திலும் குடிநீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பறை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழிக்கும் பெண் தொழிலாளர்கள் பலர் என்பதை மறவாதீர்கள். செயலித் தொழிலாளர்கள் உச்சி வெயிலில் ஆர்டரை மறுத்தால் அபராதம் கூடாது. உள்ளூர் ஈரப்பதத்தையும் உழைப்பின் கடுமையையும் கணக்கில் கொள்ளும் எச்சரிக்கை அளவுகோல் வேண்டும். வெப்ப மரணங்கள் முறையாகப் பதியப்பட வேண்டும்.

மே தினத்துக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உள்ள ஒரு கட்டடப் பணியிடத்துக்கேனும் நண்பகலில் செல்ல வேண்டும். மாலையில் அல்ல, நண்பகலில். தண்ணீர் எங்கே இருக்கிறது, நிழல் இருக்கிறதா, கடைசியாக யார் மயங்கி விழுந்தார் என்று கேளுங்கள். தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் கேளுங்கள். வெயில் மொழி பார்ப்பதில்லை. எழுதி வாருங்கள். அந்தக் குறிப்புகளோடு தொழிலாளர் துறைக்கும் மாநகராட்சிக்கும் மனு கொடுப்போம்.

எட்டு மணி நேர வேலை நாளை யாரும் நமக்கு இனாமாகத் தரவில்லை. நண்பகல் ஓய்வையும் தரமாட்டார்கள். போராடிப் பெறுவோம்.