தீராக் களைப்பும் செவிலியர் பணியும்

உழைத்த களைப்பு உறங்கினால் நீங்கும். முற்றிய புற்றுநோய் முதலியவற்றில் வரும் களைப்போ உறங்கி எழுந்தாலும் நீங்குவதில்லை. இதனை அறியாத வீட்டார் சிலர், “எழுந்து நடமாடினால் எல்லாம் சரியாகும்” என்று கடிந்துகொள்வர். நோயாளி நாணி வாய்மூடுவார். அம்மௌனத்தைக் கலைப்பதே செவிலியரின் முதற்பணி என்பேன்.

1967-ஆம் ஆண்டு லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரும் முதலில் செவிலியராய் இருந்தவரே. நோய்தணிப்புப் பராமரிப்பை இல்லத்திற்கே கொண்டுசெல்வது, தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. கல்வராயன் மலையினின்று இறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வரும் பயணமே நோயாளியின் ஒருநாள் வலிமையை உண்டுவிடும். ஆதலின் இதன் அருமை மலைவாழ் மக்களுக்கு நன்கு விளங்கும்.

இல்லத்திற்கு வரும் செவிலியர் செய்வது யாது? களைப்பைப் பூச்சியம் முதல் பத்துவரை மதிப்பிட்டுச் சொல்லக் கேட்கிறார். இரத்தசோகை, வலி, உறக்கமின்மை, மனச்சோர்வு இவற்றுள் தீர்க்கத்தக்கது உண்டாயின் மருத்துவருக்கு அறிவிக்கிறார். உணவைச் சிறுகச் சிறுகப் பன்முறை தரவும், அமரவைத்தே குளிப்பாட்டவும், இயன்ற அளவு நடக்கத் துணைநிற்கவும் வீட்டாருக்குக் கற்பிக்கிறார்.

பின்னர், எஞ்சிய வலிமையை எதற்குச் செலவிட விருப்பம் என்று நோயாளியையே வினவுகிறார். வெள்ளிமலையில் ஒரு முதியவர், மாலையில் பேரனோடு திண்ணையில் அமர விரும்புகிறார் எனக் கொள்வோம். காலைக் குளியலை விடுத்து உடம்பைத் துடைத்துவிட்டால் போதும், மாலைப்பொழுது அவருடையதாகும். இறுதி நாட்களிலோ நடக்கச் சொல்லுதல் தகாது. அப்போது ஓய்வே உதவி.

உங்கள் இல்லத்தில் நோயுற்றோர் இருப்பின், “ஏன் படுத்தே இருக்கிறீர்கள்?” என்று கேளாதீர்கள். “இன்று எதைச் செய்ய ஆசை?” என்று கேளுங்கள்.