வேட்பாளர் போன பிறகு அரை மணி நேரம்

(காஞ்சிபுரத்தில் இதழியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



அண்ணா 1942இல் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கிய ஊரில் நின்று பேசுகிறேன். அது கருத்துப் பரப்புரைக்கான இதழ். அதை அவர் மறைக்கவும் இல்லை. இன்றைய சிக்கல் வேறு. இன்று பிரச்சாரமே செய்தி வேடம் போட்டு வருகிறது. அதை எப்படி அடையாளம் காண்பது? இந்தத் தொகுதியிலிருந்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு புகைப்படம். வேட்பாளர் பட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்வார், கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். எந்தத் தெரு, எத்தனை மணி என்பதைக் கட்சி அலுவலகம் காலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும். தெருவைத் தேர்ந்தெடுத்தது அவர்கள். நீங்கள் படம் மட்டும் எடுத்து வந்தால் அவர்களுக்குச் சம்பளமில்லாத ஊழியர். வேட்பாளர் போன பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு சேலைக்குக் கூலி எவ்வளவு, எத்தனை நாள் வேலை, முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு பாக்கி, கூடவே உழைக்கும் வீட்டுப் பெண்ணுக்குத் தனிக் கூலி உண்டா என்று கேளுங்கள். அதுதான் செய்தி.

அடுத்தது உத்திரமேரூர். மேடைதோறும் குடவோலைப் பெருமை பேசப்படுகிறது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் பேசினார். பேச்சை அப்படியே எழுதுவது சுலபம். கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் நிருபர் வேலை. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டின்படி, குடத்தில் பெயர் போட வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 முதல் 70 வயது வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஊரில் உழைத்தவர்களின் பெயருக்கு அந்தக் குடத்தில் இடமில்லை. கணக்குக் காட்டாதவர்களைத் தகுதிநீக்கம் செய்ததும் அதே கல்வெட்டுதான். இரண்டையும் எழுதுங்கள்.

மூன்றாவது, சாதிக் கணக்கு. ‘இந்தத் தொகுதியில் இன்ன சாதி இத்தனை சதவீதம்’ என்று எழுதாத தேர்தல் கட்டுரை குறைவு. அந்த எண் எங்கிருந்து வந்தது? எல்லாச் சாதிகளையும் எண்ணி முழுமையாக வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரம் வெளிவரவே இல்லை. விடுதலைக்குப் பின் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தந்தது பட்டியலினத்தவர், பழங்குடியினர் எண்ணிக்கையை மட்டும்தான். மற்றதெல்லாம் கட்சி அலுவலகங்களின் ஊகம். அதை அச்சிட்டால் ஆதிக்கச் சாதிக்கு ‘நாங்கள் இல்லாமல் ஜெயிக்க முடியாது’ என்று பேரம் பேச நீங்களே சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. அதற்குள் இருக்கும் செய்யூரும் மதுராந்தகமும் தனிச் சட்டமன்றத் தொகுதிகள். இங்கே பட்டியலின வேட்பாளர்தான் நிற்க முடியும். ஆனால் வாக்களிப்பது எல்லோரும். இரட்டை வாக்குரிமையைப் பறித்த 1932 பூனா ஒப்பந்தத்தின் விளைவு இது. சேரிக்காகப் பேசினால் ஊர் வாக்கு போய்விடும் என்ற பயத்தில் வேட்பாளர் எதைப் பேசாமல் விடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம், மலக்குழி மரணம் ஆகியவை எத்தனை மேடையில் வந்தன என்று எண்ணுங்கள்.

ஆவணங்களையும் பழகுங்கள். சொத்தும் வழக்கும் படிவம் 26இல் இருக்கும். மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு தமிழ்நாட்டில் 95 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் அவர் கணக்குத் தர வேண்டும். நீங்கள் கண்ணால் பார்த்த பந்தல், வண்டி, பிரியாணியோடு அதை ஒப்பிடுங்கள்.

படிவம் 20இல் வாக்குச்சாவடிவாரியாக வாக்குகள் இருக்கும். இங்கே கவனம் தேவை. ‘இந்தச் சேரி இன்னாருக்குப் போட்டது’ என்று நீங்கள் எழுதும் வரியைப் பழிவாங்கக் காத்திருப்பவனும் படிப்பான். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளிலேயே பொன்பரப்பியில் தலித் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. விடுதலைச் சிறுத்தைகள் தலைவரின் சின்னம் பானை என்பதால் பானைகள் உடைக்கப்பட்டன. இப்படி நடப்பதை ‘இரு தரப்பு மோதல்’ என்று எழுதாதீர்கள். அடித்தவன் யார், அடிபட்டவர் யார் என்று எழுதுங்கள்.

இதையெல்லாம் யார் எழுதுவது? 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வு, ஊடகங்களில் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தது. அதில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார். அவருக்கு யாரும் செய்தியறையில் நாற்காலி போட்டு வைத்திருக்கவில்லை. உங்களுக்கும் போட மாட்டார்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வேட்பாளரின் வண்டி திரும்பிப் போகும் முனையிலிருந்து தொடங்குங்கள்.

ஜெய்பீம்.