புளிக்காத எலுமிச்சை



போன மாதம் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் வைத்தேன். ஒரு வாய் குடித்த என் அத்தை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இதுல எலுமிச்சம்பழமா பிழிஞ்ச? பிழிஞ்சா பால் திரிஞ்சிருக்கணுமே?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாயசத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விழவில்லை. கொல்லையில் குழாயடியில் வளர்கிற புல்தான் விழுந்தது.

எலுமிச்சைப் புல் என்றும் வாசனைப் புல் என்றும் நாம் சொல்வது அதைத்தான். மலையாளத்தில் இஞ்சிப்புல், சிங்களத்தில் சேர, மலாயில் செராய். எலுமிச்சை வாசத்துக்கு முக்கியக் காரணம் சிட்ரால் என்ற மணப்பொருள். எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் இது சிறு பங்குதான். புல்லின் எண்ணெயிலோ முக்கால் பங்குக்குப் பக்கத்தில் இதுவே இருக்கிறது. பழத்தைப் புளிக்க வைக்கும் அமிலம் மட்டும் புல்லில் இல்லை. வாசம் உண்டு, புளிப்பு இல்லை. அதனால்தான் பாலோடு சேர்ந்துபோகிறது.

இது எங்கிருந்தோ வந்த புதுச் சரக்கு இல்லை. இந்தப் புல்லில் ஒரு வகை நம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் தானாகவே வளர்வது. கேரளத்தில் காய்ச்சி எடுத்த எண்ணெய் கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால், வெளிநாட்டு வியாபாரிகள் அதைக் கொச்சி எண்ணெய் என்றே அழைத்தார்கள். பெரும்பாவூர் அருகே ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே 1951இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சோப்புக்கும் அத்தருக்கும் ஊர் ஊராகப் போன புல், நம் சமையற்கட்டுக்குள் மட்டும் அதிகம் வரவில்லையே என்று எனக்கு ஒரு குறை உண்டு. மராட்டியர்கள் விடவில்லை. மும்பை காய்கறிச் சந்தையில் புதினாவோடு சேர்த்து இதன் இலையைக் கட்டாக விற்பார்கள். தேநீரில் போடுகிற அந்தப் புல்லுக்கே அவர்கள் மொழியில் கவ்தி சஹா என்றுதான் பெயர்.

வளர்ப்பது எளிது. அடித்தண்டோடு கிடைத்தால் 2 விரல் உயரம் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். 2, 3 வாரத்தில் வேர் விடும். பிறகு மண்ணில் வைத்தால் தூர் கட்டிக்கொள்ளும். இலை விளிம்பு கத்தி மாதிரி, வெறும் கையால் உருவாதீர்கள். இன்னொன்று, கொசு விரட்டுவதற்கென்று விற்கும் சிட்ரோனெல்லா பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும். அதன் அடித்தண்டு பெரும்பாலும் செம்மை ஓடியிருக்கும். அது குடிப்பதற்கானது இல்லை. புட்டியில் விற்கும் வாசனை எண்ணெயையும் சமையலில் ஊற்றக் கூடாது.

முதலில் தேநீர். 4 பேருக்கு 6 இலை போதும். இலைகளைச் சேர்த்து மடித்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள், வடிகட்டும்போது தொல்லை இருக்காது. இஞ்சி சேர்ப்பதானால் அதைத் தட்டித் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்க விட்டு, பிறகுதான் பால் ஊற்ற வேண்டும். பச்சை இஞ்சி பாலைத் திரித்துவிடும். புல்லைக் கடைசியில் போட்டு, அடுப்பை அணைத்து, மூடி வைத்து 5 நிமிடம் பொறுங்கள். வீடு முழுக்க மணக்கிறது என்றால் டம்ளருக்கு வரவேண்டிய வாசம் காற்றோடு போகிறது என்று அர்த்தம். மூடி அவ்வளவு முக்கியம்.

பால் வேண்டாதவர்கள் அரை லிட்டர் தண்ணீரில் ஒரு துண்டு சுக்கைத் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டு, 50 கிராம் கருப்பட்டி கரைத்து வடிகட்டி, நசுக்கிய 3 தண்டு சேர்த்து மூடுங்கள். மழை நாளுக்கு எனக்கு இதைவிட உகந்தது இல்லை.

வெயில் காலத்துக்குச் சர்பத். 8 தண்டுகளை அம்மியில் நசுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் சிறு தீயில் வைத்து, ஆறும்வரை மூடி வடிகட்டுங்கள். 400 கிராம் சர்க்கரை போட்டு மறுபடி கொதிக்க விட்டால் பாகு தயார். குளிர்பெட்டியில் 2 வாரம் இருக்கும். நன்னாரி போலவே குளிர்ந்த தண்ணீரிலோ சோடாவிலோ கலந்து குடிக்கலாம். எலுமிச்சைச் சாறு வேண்டுமானால் குடிக்கும் நேரத்தில் பிழியுங்கள். பாகிலேயே கலந்து வைத்தால், புளிப்பில் ஊற ஊறச் சிட்ராலின் மணம் கெட்டுவிடும். தாய்லாந்தில் இந்தத் தண்டைக் கொதிக்கவைத்து, சர்க்கரை சேர்த்து, பனிக்கட்டி போட்டுக் குடிப்பது சாதாரண வழக்கம்.

இனி என் மனத்துக்குப் பிடித்த இடம், இனிப்பு. முதல் தடவை தண்டை மிக்ஸியில் அரைத்து அப்படியே பாலில் கலந்தேன். நார் நாராக நாக்கில் சிக்கியது. எவ்வளவு வேகவைத்தாலும் இந்தத் தண்டு குழையாது. ஆகவே அதை உண்ணப் பார்க்கக் கூடாது, ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். சிட்ரால் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் கொழுப்புள்ள பாலும் தேங்காய்ப்பாலும் வாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாயசத்துக்கு 1 லிட்டர் பால், 5 தண்டு. மேல்தோல் உரித்து, வெள்ளைப் பகுதியை நசுக்கிப் பாலில் போட்டு, கொதி வந்ததும் அணைத்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். வடிகட்டிய பாலில், தனியே வேகவைத்த 100 கிராம் ஜவ்வரிசியும் சர்க்கரையும் சேரட்டும். ஏலக்காய் போடாதீர்கள். பாயசம் என்றால் கை தானாக ஏலக்காய் டப்பாவைத் தேடும், தெரியும். ஆனால் இரண்டு வாசமும் ஒன்றையொன்று அமுக்கிவிடுகின்றன. ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போதும்.

நோன்புக் காலத்தில் கடலோர முஸ்லிம் வீடுகளில் செய்வார்களே கடல்பாசி, அதற்கும் இந்தப் புல் அருமையாகப் பொருந்தும். 10 கிராம் கடல்பாசியை அரை லிட்டர் தண்ணீரில் முழுதும் கரையக் காய்ச்சி, 150 கிராம் சர்க்கரை போடுங்கள். புல் ஊறிய இரண்டாம் தேங்காய்ப்பால் ஒன்றரைக் கப்பைச் சுடவைத்துச் சேருங்கள். அடுப்பை அணைத்த பிறகு முதல் பால் அரைக் கப். தட்டில் ஊற்றி வையுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் தானாகவே உறையும். துண்டு போட்டு, மேலே கொஞ்சம் இளநீர் வழுக்கையை வைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

வடிகட்டி எடுத்த தண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால், மாலையில் இன்னொரு டம்ளருக்கு அதில் வாசம் மிச்சம் இருக்கும்.