சிமெண்ட் தரையில் ஒரு கீரைக் காடு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு கட்டினதும் வாசலில் இருந்து கொல்லை வரைக்கும் சிமெண்ட் போட்டுடறோம். சேறு இல்லை, பெருக்கறது சுலபம், பாம்பு பயம் இல்லை. எல்லாம் சரிதான். ஆனா மழைத் தண்ணி உள்ளே இறங்க வழியில்லை, கறிவேப்பிலைகூட கடையில் வாங்கறோம்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. காலை ஷிப்டுக்கு டீ மட்டும் குடிச்சிட்டு வேன் ஏறுகிற நம்ம பிள்ளைங்களும் இதில் சேர்த்திதானே? கொல்லையில் முருங்கை நின்னா கீரைக்குக் காசு எண்ண வேண்டாம்.

முழுத் தரையையும் உடைக்கச் சொல்லலை. வீட்டுச் சுவரில் இருந்து 3 அடி தள்ளி, மதில் ஓரமா 3 அடி அகலத்துக்கு மட்டும் கடப்பாரையால் பெயர்த்தா போதும். நடக்கிற பாதை சிமெண்டாவே இருக்கட்டும். செப்டிக் டேங்க், தண்ணிக் குழாய் போகிற இடத்தைத் தொடாதீங்க. பெயர்த்த துண்டுகளையே பாத்திக்கு வரப்பா அடுக்கலாம். அடியில் செங்கல், சுண்ணாம்புக் காரைதான் கிடக்கும். அதை அள்ளிட்டு மக்கின சாணமும் சருகும் நல்ல மண்ணும் கலந்து, தரைக்கு மேலே ஒரு அடி மேடாக்கணும். பப்பாளி வேரில் தண்ணி நின்னா அழுகிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை நாம மறக்க முடியாது.

கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் தென்னைக்குக் கீழே வாழை, அதுக்குக் கீழே மஞ்சள், சேம்புன்னு அடுக்கடுக்கா நிற்கும். நம்ம அளவுக்கு முருங்கை, பப்பாளி, வாழை மேலே. நடுவில் கறிவேப்பிலை, கத்தரி. நிழலில் மஞ்சள், பொன்னாங்கண்ணி. மதில்மேல் பசலை, கோவை. பாத்திரம் கழுவுற தண்ணியை வாழைக்கு விடலாம். முருங்கை 3 அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்க. பக்கக் கிளை வரும், கீரை கைக்கு எட்டும். உயரமா வளர்ந்த முருங்கை காத்துக்குத் தாங்காது. 2016 வர்தா புயலில் பெரிய பெரிய மரமே சாய்ஞ்சதே.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். காயலான் கடையில் மலிவா கிடைக்குதேன்னு ரசாயன டிரம்மை வாங்கி அதில் கீரை போடாதீங்க, தண்ணியும் பிடிக்காதீங்க. எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே என்ன இருந்ததுன்னு நமக்குத் தெரியாது. கம்பெனிப் புகைத் தூசி படிகிற வீடுகளில் கீரையைவிட காய், பழம் நல்லது. ஈயம் மாதிரி உலோகம் இலையில்தான் அதிகம் சேரும். கீரையே வைக்கணும்னா வெளி மண் கொண்டு வந்து போட்டு, பறிச்சதும் ரெண்டு மூணு தண்ணியில் அலசுங்க.

சமைச்ச கீரையில் எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, இரும்புச்சத்து நல்லா உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ வேண்டாம்.

ஆடிப்பட்டத்துக்குள்ள தரை தயாரா இருக்கணும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் உள்ள விதை, முருங்கைப் போத்து கொண்டு வாங்க, மாத்திக்கலாம். கடப்பாரை இல்லாதவங்க உங்க குழுத் தலைவிகிட்ட பேர் கொடுத்துட்டுப் போங்க.