வண்டியின் எச்சரிக்கை விளக்குகள்



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையை உங்களிற் பலர் அறிவீர்கள். முந்தலைக் கடந்ததும் மலை தொடங்கிவிடுகிறது. மேலே செல்வதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியற்காலையில் வரிசையாக ஏறும், மாலையில் இறங்கும். சமவெளியில் பல நாள் மறைந்து கிடக்கும் குறையை இப்பாதை ஒரே பயணத்தில் வெளிப்படுத்திவிடும். ஆகவே, வண்டியின் முகப்பில் எரியும் எச்சரிக்கை விளக்குகளைப் பற்றிப் பேச எங்கள் ஊர்க்காரனுக்குச் சிறிது உரிமை உண்டு.

விளக்கின் நிறத்தை முதலிற் காணவேண்டும். சிவப்பு எரிந்தால் வண்டியை நிறுத்தவேண்டும். மஞ்சள் எரிந்தால் விரைவில் கவனிக்கவேண்டும். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்பதை மட்டும் தெரிவிப்பவை.

எண்ணெய்க் குவளை போன்ற வடிவுடைய சிவப்பு விளக்கை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் அடித்தொட்டியில் எண்ணெய் குறைந்திருந்தால், வளைவில் திரும்பும்பொழுது இருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகிறது. எண்ணெயை உறிஞ்ச வேண்டிய பம்பு காற்றை உறிஞ்சுகிறது, அழுத்தம் வீழ்கிறது, விளக்கு மின்னுகிறது. வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்ததும் அணைந்துவிடுகிறது. ஓட்டுபவர், "தானே சரியாகிவிட்டது" என்று மேலே செல்கிறார். சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் உலோகத்துக்கும் இடையே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. அது நீங்கினால் சில நிமிடங்களில் எஞ்சின் பாழாகும். ஒரு முறை மின்னினாலும் ஓரமாக நிறுத்தி எண்ணெயை அளந்து பார்க்கவேண்டும்.

பிரேக் விளக்கும் சரிவில் இவ்வாறே மின்னும். கைப்பிரேக்கை விடுவித்த பின்னும் மின்னினால், பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று பொருள். எங்கேனும் கசிந்திருக்கலாம், அல்லது பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம். கட்டை தேயத் தேய எண்ணெய் கீழே இறங்குகிறது. காரணம் காணாமல் எண்ணெயை மட்டும் ஊற்றி நிரப்பினால், விளக்கு அணையும், தேய்வு மறைந்துகொள்ளும். அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மெட்டிலிருந்து இறங்குவதை எண்ணிப் பாருங்கள்.

வெப்ப விளக்கு எரிந்தால் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அது கொதித்து முகத்தில் பீறிடும். நீங்கள் பௌதிக வகுப்பில் படித்த பாடந்தான்.

எஞ்சின் வடிவுடைய மஞ்சள் விளக்கின் வரலாறு வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளின் புகை பெருங்காரணம் என்பதை ஹாகன்-ஸ்மிட் என்னும் விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். அதன் வழியே வந்த சட்டங்கள், புகையைப் பெருக்கும் குறையை வண்டியே அறிந்து சொல்லவேண்டும் என்று விதித்தன. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஒரே வகை இணைப்பும் ஒரே வகைக் குறியீடுகளும் வந்தன. ஸ்டியரிங்கின் கீழே 16 முனைகள் கொண்ட அந்த இணைப்பை இன்று நம் நாட்டுக் கார்களிலும் காணலாம். கையடக்கக் கருவி ஒன்றை அதிற் செருகினால் குறியீடு தெரியும்.

என் காரில் ஒரு நாள் இவ்விளக்கு எரிந்தது. மக்கள் 'கம்பெனி சர்வீஸ்' என்று அழைக்கும் பணிமனை ஒன்றிற்குச் சென்றேன். புகைக்குழாயின் உணர்கருவியையும் அதனை அடுத்த பகுதியையும் மாற்றவேண்டும், ரூ. 42,000 ஆகும் என்றார்கள். ஓய்வூதியக்காரனுக்கு அது சிறு தொகையன்று. ஊர் திரும்பி, என் பழைய மாணவர் ஒருவரின் பட்டறையிற் காட்டினேன். அவர் கருவியைச் செருகினார். பி0136 என்று வந்தது.

"சார், உணர்கருவியின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் இது சொல்கிறது. உணர்கருவி கெட்டது என்று சொல்லவில்லையே!" என்றார்.

கணக்கில் விடை தவறு என்பது வேறு, எந்தப் படியில் தவறு என்பது வேறு. நாற்பதாண்டு விடைத்தாள் திருத்திய எனக்கு இது தோன்றவில்லை. காரைத் தூக்கிப் பார்த்தார். எலி கம்பியைக் கடித்திருந்தது. இணைத்து உறையிட்டு ரூ. 600 பெற்றுக்கொண்டார்.

இதனாற் பெரிய பணிமனைகள் யாவும் ஏமாற்றுவன என்று நான் சொல்லவில்லை. காற்றுப்பை விளக்கு எரிந்தால் நானும் அங்கேதான் செல்வேன். ஆனால், கருவிகளும் உதிரிப்பாகங்களும் வெளிப்பட்டறைகளுக்குக் கிட்டாதபடி செய்தால், வண்டிக்காரருக்கு வேறு வழியில்லாமற் போகிறது. இக்குற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. வெளியிற் பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்கலாகாது என்றும் கூறியது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நீங்கள் எங்கே சென்றாலும், குறியீட்டை எழுதித் தரும்படி கேளுங்கள். என்ன சோதனை செய்தீர்கள் என்று வினவுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் ஒன்று. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் ஒரு முறை எரிந்து காட்டவேண்டும். என் உறவினர் ஒருவர் பழைய ஜீப் வாங்கிவந்து, "எண்ணெய் விளக்கு ஒரு நாளும் எரிந்ததில்லை, மாமா" என்று பெருமையாகச் சொன்னார். சாவியைத் திருப்பச் சொன்னேன். மற்றவை எரிந்தன, அந்த இடம் மட்டும் இருண்டிருந்தது. விற்றவர் பல்பைக் கழற்றியிருந்தார்.